மேஜர் ஜெனரல் ஏன் லெப்டினன்ட் ஜெனரலுக்குக் கீழே இருக்கிறார்?

ராணுவத்தில் லெப்டினன்டுக்கு மேல் கேப்டன், கேப்டனுக்கு மேல் மேஜர்; அப்படியிருக்க, ஜெனரல் நிலைக்குப் போனதும் மேஜர் ஜெனரல் கீழேயும் லெப்டினன்ட் ஜெனரல் மேலேயும் இருப்பது எப்படி, மேஜர் ஜெனரல் என்ற பதவிக்கு உண்மையில் என்னதான் பொருள், இவர்களை எப்படி விளிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் உள்ளே இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: இந்தப் பெயர்களுக்கு ஏதாவது ஒழுங்கு உண்டா, அல்லது பழக்கத்தால் ஒட்டிக்கொண்டவைதானா? ஒழுங்கு உண்டு. அது 16, 17-ம் நூற்றாண்டுகளின் ஐரோப்பியப் படைகளில் உருவான ஒழுங்கு. அதில் ஒரு சொல் இடையில் உதிர்ந்துபோனதால்தான் இன்று நமக்குத் தலைகீழாகத் தெரிகிறது. நான் படையில் பணியாற்றியவன் அல்லன். ராணுவ வரலாற்றைப் பல ஆண்டுகள் படித்தும் பாடம் நடத்தியும் வந்தவன். ஆகவே பதவிகளின் தோற்றத்தைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். இன்றைய நடைமுறையைப் பொறுத்தவரை வெளிப்படையாகத் தெரிந்தவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் ஒப்பீட்டைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மேஜர் ஜெனரலையும் லெப்டினன்ட் ஜெனரலையும் மேஜருடனும் லெப்டினன்டுடனும் ஒப்பிடும்போதுதான் குழப்பம் வருகிறது. பல சிறு அலகுகள் சேர்ந்த ரெஜிமென்ட் ஒன்றின் தலைமையைப் பாருங்கள். மேலே கர்னல், அவருக்கு அடுத்து லெப்டினன்ட் கர்னல், அதற்கும் அடுத்து மேஜர். இங்கே லெப்டினன்ட் என்ற சொல்லைத் தாங்கியவர் மேஜரைவிட உயர்ந்தவராக இருப்பதில் யாருக்கும் வியப்பு இல்லை. இதே வரிசைதான் ஒரு முழுப் படையின் தலைமையிலும் இருக்கிறது: ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், மேஜர் ஜெனரல். கம்பெனி என்னும் சிறு அலகுக்கு இறங்கினாலும் கேப்டன், லெப்டினன்ட், சார்ஜென்ட் என்று அதே மூவர் நிற்பார்கள். தலைவர், தலைவரின் இடத்தில் நிற்பவர், அணியை ஒழுங்குபடுத்துபவர் என்ற இந்த மூன்று வேலைகளும் கம்பெனி, ரெஜிமென்ட், படை என மூன்று அளவுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. பதவிப் பெயர்கள் ஒரே ஏணியின் படிகளாக உண்டானவை அல்ல. ஒவ்வொரு அளவிலும் அந்த மூவர் செய்த வேலையைச் சொல்பவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாக விளங்கும்.

ஜெனரல் என்பது தொடக்கத்தில் ஒரு பதவியின் பெயரே அன்று. இன்னொரு பெயரோடு சேர்ந்து வரும் அடைமொழி. ஒரு கம்பெனிக்குத் தலைவர் கேப்டன். எல்லாக் கம்பெனிகளுக்கும், அதாவது படை முழுமைக்கும் தலைவர் கேப்டன் ஜெனரல். அதாவது பொதுத் தலைவர். ஸ்பெயின், இங்கிலாந்து, வெனிஸ் ஆகிய நாடுகளில் படைத்தலைவரை இந்தப் பெயரால் குறித்திருக்கிறார்கள். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்ல்பரோ பிரபு பிரிட்டிஷ் படைகளுக்குக் கேப்டன் ஜெனரலாக இருந்தார். நாளடைவில் கேப்டன் என்ற முற்பகுதி வழக்கொழிந்து, அடைமொழி மட்டும் தனித்து நின்று பதவியின் பெயராகிவிட்டது. ஒரு நீண்ட பதவிப் பெயரிலிருந்து முக்கியமான சொல் உதிர்ந்து துணைச்சொல் மட்டும் எஞ்சும் இந்தப் போக்கை நினைவில் வையுங்கள். மேஜர் ஜெனரலுக்கும் இதுவே நடந்தது.

லெப்டினன்ட் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு இன்னொருவரின் இடத்தை வகிப்பவர் என்று பொருள். அதில் இளையவர் என்ற பொருளோ தாழ்ந்தவர் என்ற பொருளோ இல்லை. யாருடைய இடத்தை வகிக்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய உயரம் அமையும். கேப்டனின் இடத்தை வகிப்பவர் வெறும் லெப்டினன்ட். கர்னலின் இடத்தை வகிப்பவர் லெப்டினன்ட் கர்னல். படைத்தலைவரின் இடத்தையே வகிப்பவர் லெப்டினன்ட் ஜெனரல். புதுச்சேரியில் உள்ள லெப்டினன்ட் கவர்னரைத் தமிழில் துணைநிலை ஆளுநர் என்கிறோம். அந்தத் துணைநிலை என்ற சொல்லே இங்கும் பொருந்தும். படைத்தலைவர் காயமுற்றாலோ இறந்தாலோ அந்த நொடியில் கட்டளையிடும் உரிமை யாருக்குப் போக வேண்டுமோ அவரே லெப்டினன்ட் ஜெனரல். ஆகவே அவர் இரண்டாமவராக இருப்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

மேஜர் ஜெனரலைப் பற்றிய விளக்கத்துக்கு ஸ்பானியப் படையின் தெர்சியோவுக்குப் போக வேண்டும். 1530-களில் முறையான வடிவம் பெற்ற தெர்சியோ, ஈட்டிக்காரர்களும் துப்பாக்கிக்காரர்களும் கலந்து நின்று போரிட்ட பெரிய காலாட்படை அணி. அதற்குத் தலைவராக மாயெஸ்த்ரெ தெ காம்போ இருந்தார். அவருக்கு அடுத்து, தனக்கென ஒரு கம்பெனி இல்லாமல், தெர்சியோ முழுவதையும் ஒழுங்கில் நிறுத்துவதையே வேலையாகக் கொண்ட ஓர் அதிகாரி இருந்தார். அவர் பெயர் சார்ஹென்தோ மயோர், அதாவது தலைமைச் சார்ஜென்ட். ஒரு கம்பெனியில் வீரர்களை வரிசையில் நிறுத்துவது சார்ஜென்டின் வேலை என்றால், எல்லாக் கம்பெனிகளையும் சேர்த்து ஒரே அணியாக நிறுத்துவது இவர் வேலை. அணிவகுப்பின் ஒழுங்கு, முகாம் போடுமிடம், இரவுக் காவல், கட்டளைகளை ஒவ்வொரு கேப்டனிடமும் கொண்டு சேர்ப்பது ஆகிய எல்லாமே இவர் பொறுப்பு.

இந்த வேலையின் கடினத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் இந்தப் பதவிக்கு ஏன் அவ்வளவு மதிப்பு வந்தது என்பது அதில்தான் புரியும். ஈட்டிக்காரர்களை நான்கு பக்கமும் சமமான ஒரு சதுரமாக நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1,000 பேர் இருந்தால் பக்கத்துக்கு 31 பேர். அதற்கு 961 பேர் போக, 39 பேர் எஞ்சுவார்கள். அவர்களைக் கொடிகளுக்குக் காவலாகவோ வேறிடத்திலோ நிறுத்த வேண்டும். ஆனால் தலை எண்ணிக்கையில் சதுரமாக இருப்பது தரையில் சதுரமாக இருக்காது. ஒரு வீரனுக்கு அகலவாக்கில் 3 அடியும் முன்பின்னாக 7 அடியும் ஒதுக்குவது அக்காலக் கையேடுகளின் கணக்கு. ஆகவே 31-க்கு 31 என்று நிறுத்தினால், முன்பக்கம் குறுகி, ஆழம் இரண்டு மடங்குக்கும் மேலாக நீண்டுவிடும். தரையிலும் சதுரம் வேண்டுமானால், ஒரு வரிசைக்கு 48 பேர் வீதம் 20 வரிசைகள் நிறுத்த வேண்டும். அப்போது முன்பக்கம் 144 அடி, ஆழம் 140 அடி. இந்தக் கணக்கை எதிரி கண்ணுக்குத் தெரியும் தொலைவில் வந்துகொண்டிருக்கும்போது, நோயாலும் படையைவிட்டு ஓடிப்போனதாலும் அன்றைக்கு எத்தனை பேர் குறைந்திருக்கிறார்களோ அந்த எண்ணிக்கையைக் கொண்டு போட வேண்டும். அதனால்தான் அக்காலப் போர்க்கலை நூல்களில் வர்க்கமூல அட்டவணைகள் அச்சிடப்பட்டன. வீரமும் குடிப்பிறப்பும் போதும் என்று கருதப்பட்ட ஒரு தொழிலில், கணிதம் தெரிந்தே ஆக வேண்டிய பதவி இது. எனக்கு இந்தப் பதவியின்மேல் தனிப்பட்ட மரியாதை உண்டு. இன்றைய ராணுவங்களில் திட்டமிடல் என்று சொல்லப்படும் பணியின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

தெர்சியோவுக்கு ஒரு தலைமைச் சார்ஜென்ட் இருந்ததுபோல், பல ரெஜிமென்டுகள் சேர்ந்த முழுப் படைக்கும் அதே வேலையைச் செய்ய ஒருவர் தேவைப்பட்டார். ஆங்கிலப் படையில் அவருக்குச் சார்ஜென்ட் மேஜர் ஜெனரல் என்று பெயர். மேஜர் ஜெனரலின் முழுப் பெயர் இதுதான். இதற்குப் பிற நாடுகளின் வழக்குகளும் சான்று சொல்கின்றன. போர்த்துக்கீசியப் படையில் இதே அதிகாரியை சார்ஜென்து மோர் தெ பத்தால்யா என்றார்கள். அதிலும் சார்ஜென்ட் அப்படியே இருக்கிறது. முப்பதாண்டுப் போர் நடந்த 1618 முதல் 1648 வரையான காலத்தில் ஜெர்மானியப் பகுதிகளை ஆண்ட புனித ரோமானியப் பேரரசின் படையில் இவருக்கு கெனரால்வாஹ்ட்மைஸ்டர் என்று பெயர். வாஹ்ட்மைஸ்டர் என்பது காவலை மேற்பார்ப்பவர் என்று பொருள்படும் சொல். ஆஸ்திரிய ராணுவத்தில் இன்றும் சார்ஜென்டுக்கு ஒப்பான நிலையில் உள்ளவர்களை அப்படித்தான் அழைக்கிறார்கள். அதே பேரரசுப் படையில் ரெஜிமென்டின் மேஜருக்கு ஓபர்ஸ்ட்வாஹ்ட்மைஸ்டர், அதாவது கர்னலின் வாஹ்ட்மைஸ்டர் என்று பெயர். மூன்று வெவ்வேறு மொழிகள் ஒரே அதிகாரியைச் சார்ஜென்டின் வேலையோடு சேர்த்தே பெயரிட்டிருப்பதால், இந்தத் தோற்றத்தை நான் ஊகமாகச் சொல்லவில்லை, உறுதியாகவே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் இந்த மூவரும் ஒரே இடத்தில் நின்ற காட்சியை 1645-ல் காணலாம். மன்னர் முதலாம் சார்லஸுக்கு எதிராக நாடாளுமன்றம் அமைத்த புதிய படைக்கு சர் தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் தலைமைத் தளபதி. ஆலிவர் குரோம்வெல் குதிரைப்படைக்கு லெப்டினன்ட் ஜெனரல். பிலிப் ஸ்கிப்பன் காலாட்படைக்குச் சார்ஜென்ட் மேஜர் ஜெனரல். அந்த ஆண்டு ஜூன் 14 அன்று நடந்த நேஸ்பி போரில் ஸ்கிப்பன் நடுவில் காலாட்படையை நடத்தினார். துப்பாக்கிக் குண்டு பாய்ந்து கடுமையாகக் காயமுற்ற பின்னும் களத்தை விட்டு அகல மறுத்தார். குதிரைப்படை லெப்டினன்ட் ஜெனரலிடமும் காலாட்படை மேஜர் ஜெனரலிடமும் இருந்த இந்தப் பிரிவையும் கவனியுங்கள். குதிரைப்படைக்கு அக்காலத்தில் இருந்த கூடுதல் மதிப்பும் இருவரின் வரிசையை உறுதிப்படுத்தியிருக்கும் என்பது என் கருத்து. பத்தாண்டுகள் கழித்து, 1655-ல், நாட்டின் தலைவராகிவிட்ட குரோம்வெல் இங்கிலாந்தையும் வேல்ஸையும் மாவட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ராணுவ ஆளுநரை நியமித்தபோது அவர்கள் மேஜர் ஜெனரல்கள் என்றே அழைக்கப்பட்டார்கள். மன்னரை ஆதரித்தவர்களிடம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை வரியாக வசூலித்த அந்த ஆட்சி 1657-ல் முடிவுக்கு வந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. அதில் சார்ஜென்ட் இல்லை.

சார்ஜென்ட் ஏன் உதிர்ந்தது? இங்குதான் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உதிர்ந்தது என்பதும், 17-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியையொட்டி அது நடந்தது என்பதும், ரெஜிமென்டின் சார்ஜென்ட் மேஜரும் அதே காலத்தில் வெறும் மேஜராக மாறினார் என்பதும் உறுதி. காரணம் என்று பலர் சொல்வது, கம்பெனியில் உள்ள சாதாரணச் சார்ஜென்டோடு தங்கள் பெயர் சேர்ந்து ஒலிப்பதை உயர்குடி அதிகாரிகள் விரும்பவில்லை என்பது. நம்பத் தகுந்த விளக்கம்தான். ஆனாலும், கேப்டன் ஜெனரலில் கேப்டன் உதிர்ந்ததற்குக் கௌரவக் குறைவு காரணமாக இருக்க முடியாதே. நீளமான பெயரை நாள்தோறும் சொல்லும்போது சுருக்கிக்கொள்வது மனித இயல்பு. அதுவே போதுமான காரணம் என்றுதான் நான் கருதுகிறேன். பிற்காலத்தில், 18-ம் நூற்றாண்டில், சார்ஜென்ட் மேஜர் என்ற பெயர் மீண்டும் வந்தது. இந்த முறை ஆணைபெற்ற அதிகாரிக்கு அன்று, படைவீரர்களிலிருந்து உயர்ந்த மூத்த சார்ஜென்டுக்கு. பெயர் ஒன்றே ஆனாலும் இவர் பழைய சார்ஜென்ட் மேஜரின் நேரடி வாரிசு அல்லர்.

மேஜர் என்பதற்கு மூத்த, பெரிய என்பதே பொருள் என்பதற்கு இந்திய ராணுவத்துக்குள்ளேயே உயிரோடு இருக்கும் சான்று ஒன்று உண்டு. இந்திய ராணுவத்தில் சார்ஜென்டுக்கு ஒப்பானவர் ஹவில்தார். கம்பெனியின் மூத்த ஹவில்தாரைக் கம்பெனி ஹவில்தார் மேஜர் என்கிறார்கள். சுபேதார்களில் மூத்தவர் சுபேதார் மேஜர். ஒரு பட்டாலியனில் வீரர்களுக்கும் கமாண்டிங் ஆபீசருக்கும் இடையே அவருக்கு இருக்கும் செல்வாக்கைப் படையில் இருந்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். இவர்களில் எவரும் மேஜர் என்ற அதிகாரிப் பதவியில் இருப்பவர் அல்லர். அங்கே மேஜர் வெறும் அடைமொழியாக நிற்கிறது. மேஜர் ஜெனரலிலும் அப்படித்தான். ஒரே வேறுபாடு, மேஜர் ஜெனரலில் அது எந்தச் சொல்லுக்கு அடைமொழியாக வந்ததோ அந்தச் சொல் காணாமல் போய்விட்டது. பிரெஞ்சு ராணுவத்திலோ மேஜர் என்பது இன்று ஆணைபெற்ற அதிகாரிகளின் பதவியே அன்று. ஆணைபெறாத அதிகாரிகளின் உச்சப் பதவி.

இதைத் தெரிந்துகொண்டால், இணையத்திலும் பேச்சிலும் உலவும் வேறு சில விளக்கங்களை ஒதுக்கிவிடலாம். மேஜர் ஜெனரல் என்றால் பெரிய ஜெனரல், ஒரு காலத்தில் அவரே மேலே இருந்தார், பிறகு வரிசை மாறிவிட்டது என்று ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. வரிசை மாறியதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஸ்கிப்பன் காலத்திலும் அவர் குரோம்வெலுக்கு அடுத்தே எண்ணப்பட்டார். மேஜர்களிலிருந்து நேராக உயர்த்தப்பட்டவர் மேஜர் ஜெனரல் என்ற விளக்கமும் பிழை. பதவி உயர்வின் வழி அப்படி எங்கும் இருந்ததில்லை. ரஷ்யாவில் மகா பீட்டர் 1722-ல் வெளியிட்ட பதவி அட்டவணையிலும் லெப்டினன்ட் ஜெனரல் மூன்றாம் வகுப்பு, மேஜர் ஜெனரல் நான்காம் வகுப்பு. பதவிகளை ஒரே மூச்சில் புதிதாக வகுத்த ஓர் ஆட்சியாளர்கூட மேற்கு ஐரோப்பாவில் ஊறிப்போன வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டார்.

பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லா நாடுகளிலும் பதவியின் எடை ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போர் வரலாறு படிக்கும் மாணவர்கள் அதிகம் இடறுமிடம் இது. அமெரிக்க ராணுவத்தில் 19-ம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மேஜர் ஜெனரலுக்கு மேல் நிரந்தரப் பதவி எதுவும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூலையில் நடந்த கெட்டிஸ்பர்க் போரில் வடவர் தரப்பில் படை முழுவதற்கும் தலைமை தாங்கிய ஜார்ஜ் மீட் ஒரு மேஜர் ஜெனரல். எதிர்த்தரப்பில் ஜெனரல் ராபர்ட் லீக்குக் கீழ் ஆளுக்கொரு கோர் என்னும் பெரும் படைப்பிரிவை நடத்திய லாங்ஸ்ட்ரீட், யூவெல், ஹில் மூவரும் லெப்டினன்ட் ஜெனரல்கள். பெயரை மட்டும் பார்த்தால், எதிரியின் துணைத்தளபதிகள் மூவரும் மீடைவிட உயர்ந்தவர்கள். அதன்பின் 1864-ல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் லெப்டினன்ட் ஜெனரல் பதவியை மீட்டெடுத்து யுலிசஸ் கிராண்டுக்கு அளித்தது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன், சோவியத் படைகளிலோ பிரிகேடியர் என்ற படியே இல்லை. கர்னலுக்கு அடுத்த படியே மேஜர் ஜெனரல். எனவே அந்தக் காலத்து ஜெர்மன் மேஜர் ஜெனரலை பிரிட்டிஷ் படையின் பிரிகேடியருக்கு ஒப்பாகவே கொள்ள வேண்டும். அங்கே லெப்டினன்ட் ஜெனரலுக்கு மேல் கர்னல் ஜெனரல் என்றும் ஒரு பதவி இருந்தது. கர்னலும் ஜெனரலும் சேர்ந்த அந்தப் பெயரும் பழைய முறையில், ஒரு வகைப் படை முழுமைக்குமான தலைமைக் கர்னல் என்ற பொருளில் பிறந்ததே. நெப்போலியனின் பெரும்படையில் மேஜர் ஜெனரல் என்பது ஒரு பதவிநிலையாகக்கூட இல்லாமல், தலைமைப் பணியக அதிகாரியின் பொறுப்பாக இருந்தது. மார்ஷல் பெர்தியே அதை வகித்தார். பேரரசரின் எண்ணங்களைத் தெளிவான கட்டளைகளாக எழுதி ஒவ்வொரு கோருக்கும் அனுப்பிவைத்த அவருடைய வேலையை, சதுரக் கணக்குப் போட்ட பழைய ஸ்பானிய அதிகாரி பார்த்திருந்தால் தன் தொழில் என்று அடையாளம் கண்டிருப்பார்.

இந்தியாவின் பதவிமுறை பிரிட்டிஷ் முறையிலிருந்து வந்தது. அதில் ஜெனரல்களின் தொடக்கப் படி மேஜர் ஜெனரல். முதல் உலகப் போர் வரை பிரிட்டிஷ் படையில் பிரிகேடியர் ஜெனரல் என்ற பதவி இருந்தது. போருக்குப் பின் அது நீக்கப்பட்டு, 1928-ல் ஜெனரல் என்ற சொல் இல்லாத பிரிகேடியர் பதவி வந்தது. இந்த மாற்றத்தின் தடயத்தை இன்றும் தோள் சின்னத்தில் காணலாம். ஜெனரல்களின் அடையாளம் குறுக்காக வைத்த வாளும் கோலும். பிரிகேடியர் ஜெனரலுக்கு அது மட்டும், மேஜர் ஜெனரலுக்கு அதோடு ஒரு நட்சத்திரம், லெப்டினன்ட் ஜெனரலுக்கு அதோடு ஒரு கிரீடம் என்று இருந்தது. பிரிகேடியர் ஜெனரல் பதவி போனதும் வாளும் கோலும் மட்டுமே உள்ள சின்னம் யாருக்கும் உரியதில்லாமல் போயிற்று. அதனால்தான் ஜெனரல்களின் முதற்படியிலேயே நட்சத்திரம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. இந்தியா குடியரசான பின் கிரீடத்தின் இடத்தில் அசோகச் சிங்கங்கள் வந்தன. மற்றபடி அமைப்பு அதேதான். பிரிகேடியரின் தோளில் வாளும் கோலும் இல்லை. சிங்கச் சின்னமும் மூன்று நட்சத்திரங்களுமே உண்டு. காலர் பட்டையிலும் வாகனத் தகட்டிலும் உள்ள நட்சத்திரங்கள் வேறு கணக்கு: பிரிகேடியருக்கு ஒன்று, மேஜர் ஜெனரலுக்கு இரண்டு, லெப்டினன்ட் ஜெனரலுக்கு மூன்று, ஜெனரலுக்கு நான்கு. தோளில் உள்ள ஒற்றை நட்சத்திரத்தையும் இந்த எண்ணிக்கையையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

பதவிநிலை வேறு, பொறுப்பு வேறு என்பதைப் புரிந்துகொள்ள நம் மண்ணில் நடந்த ஒரு நிகழ்ச்சியே உதவும். 1799-ல் திப்பு சுல்தானுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டினத்தை முற்றுகையிட்ட கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தலைமை லெப்டினன்ட் ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸ். மே 4 அன்று கோட்டைச் சுவரின் உடைப்பு வழியே புகுந்த தாக்குதலை நடத்தியவர் மேஜர் ஜெனரல் டேவிட் பெயர்டு. 1780-ல் பொள்ளிலூர்ப் போரில் பிடிபட்டு அதே ஸ்ரீரங்கப்பட்டினத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்தவர். கோட்டை வீழ்ந்த பின் அதன் நிர்வாகப் பொறுப்பு அவருக்குக் கொடுக்கப்படவில்லை; அவருக்குக் கீழ்ப்பட்ட கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லிக்குப் போயிற்று. பிற்காலத்தில் வெலிங்டன் பிரபுவாகி வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் இவர். அப்போதைய கவர்னர் ஜெனரலின் தம்பி. பெயர்டு கடுமையாக மனம் புண்பட்டார். பதவிநிலை ஒருவருக்கு மூப்பைத் தருகிறது; எந்த வேலை யாருக்கு என்பதை நியமனம்தான் முடிவு செய்கிறது. இது அன்றும் அப்படி, இன்றும் அப்படி.

இன்றைய இந்திய ராணுவத்தில் மேஜர் ஜெனரல் ஒரு டிவிஷனுக்குத் தலைமை தாங்குபவர். ஏறத்தாழ 15,000 பேரும் பல பிரிகேடுகளும் அவர் கட்டளைக்குள் வரும். பல டிவிஷன்கள் சேர்ந்த கோருக்கும், அதற்கு மேற்பட்ட கமாண்டுக்கும் தலைமை தாங்குபவர்கள் லெப்டினன்ட் ஜெனரல்கள். டிவிஷனை நடத்தாத மேஜர் ஜெனரல்களும் உண்டு. ராணுவச் சட்டத் துறையின் தலைவர் ஒரு மேஜர் ஜெனரல். ராணுவச் செவிலியர் பணியின் உச்சப் பதவியும் அதுவே. 1976-ல் அந்தப் பொறுப்பில் இருந்த கெர்ட்ரூட் ஆலிஸ் ராம் இந்தியாவில் மேஜர் ஜெனரல் நிலையை எட்டிய முதல் பெண். களத்தில் ஒரு மேஜர் ஜெனரலைக் காண 1948-க்குப் போகலாம். காஷ்மீரில் டிவிஷனை நடத்திய மேஜர் ஜெனரல் திம்மய்யா, கடல்மட்டத்திலிருந்து 11,000 அடிக்கும் மேலான ஜோஜி லா கணவாய்க்கு ஸ்டூவர்ட் டாங்கிகளை ஏற்றி, நவம்பர் 1 அன்று தாக்குதலில் தாமே முன்னணி டாங்கி ஒன்றில் சென்றார்.

லெப்டினன்ட் ஜெனரலுக்கும் மேஜர் ஜெனரலுக்கும் இடையிலான பழைய வேலைப் பிரிவு அப்படியே தெரியும் ஓர் இடம் 1971 டிசம்பர் 16-ன் டாக்கா. வங்கதேசப் போரின் முடிவில், பாகிஸ்தான் படையின் சரணடைவு ஆவணத்தில் இந்தியத் தரப்பில் கையெழுத்திட்டவர் கிழக்குக் கமாண்டின் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா. பாகிஸ்தான் தரப்பில் லெப்டினன்ட் ஜெனரல் நியாஸி. அன்று காலை டாக்காவுக்கு முன்னதாகச் சென்று, சரணடைவின் நிபந்தனைகளை நியாஸியுடன் பேசி, நிகழ்ச்சியை ஒழுங்குசெய்தவர் அரோராவின் தலைமைப் பணியக அதிகாரி மேஜர் ஜெனரல் ஜேக்கப். படைத்தலைமையின் பெயரால் ஒருவர் நிற்க, எல்லாவற்றையும் வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியவர் மற்றவர்.

கடைசியாக, விளித்தலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பேச்சிலும் கடிதத்தின் விளியிலும் மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், ஜெனரல் மூவரையும் ஜெனரல் என்றே அழைக்கலாம். அது பிழையோ மிகைப்படுத்தலோ அன்று, லெப்டினன்ட் கர்னலைக் கர்னல் என்று அழைக்கும் அதே மரபு. முகவரியிலும் செய்தியிலும் அலுவல் குறிப்பிலும் மட்டும் முழுப் பதவியையும் எழுத வேண்டும். பிரிகேடியரை ஜெனரல் என்று விளிப்பது பிரிட்டிஷ், இந்திய, பாகிஸ்தானிய, இலங்கை மரபுகளில் தவறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் சிங்கப்பூரிலும் பிரிகேடியர் ஜெனரல் என்ற பதவியே இருப்பதால் அங்கே அது சரி.